ஏக்கருக்கு நிவாரணம் உண்டு, உடம்புக்கு? காவிரி டெல்டாவின் மழை, வெயில், காய்ச்சல் பற்றி ஓர் இழை

கடைமடை_தலைஞாயிறு | மே 8, இரவு 9:12

உறவுகளுக்கு வணக்கம். பருவநிலை மாற்றம் பற்றி இந்தக் களத்தில் பக்கம் பக்கமாகப் பேசியிருக்கிறோம். திரும்ப எடுத்துப் படித்தால் எல்லாமே பயிர்க் கணக்காக இருக்கிறது. குறுவை போச்சு, சம்பா சாய்ந்தது, நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது, கொள்முதல் நிலைய வாசலில் நெல் முளைத்தது. ஆட்களைப் பற்றிப் பேச்சே இல்லை.

2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. கொட்டியது நினைவிருக்கும். பயிருக்குக் கணக்கெடுத்தார்கள். சீர்காழி, தரங்கம்பாடி வட்டங்களில் ரேஷன் கார்டுக்கு 1,000 ரூபாய் கொடுத்தார்கள். சரி. தண்ணீர் வடிந்து பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து வருகிற காய்ச்சலை யார், எந்தத் தாளில் எழுதுகிறார்கள்? பேரிடர் நிவாரண விதியில் 33 சதவீதத்துக்கு மேல் சேதமான பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என்று இருக்கிறது. இடிந்த சுவருக்கு, செத்த மாட்டுக்கு, கோழிக்குக்கூடத் தொகை இருக்கிறது. ஆள் இறந்தாலோ, காயம் பட்டு ஆஸ்பத்திரியில் படுத்தாலோ கொடுப்பார்கள். வெள்ளத் தண்ணீரில் நின்று எலிக்காய்ச்சல் வந்து இரண்டு வாரக் கூலி போனவருக்குப் படிவத்தில் கட்டமே கிடையாது.

நான் கோயில் நிலத்தைக் குத்தகைக்குப் பயிர் செய்கிறவன். எனக்கே நிவாரணம் வாங்க அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் தரும் தாள்) கையில் இருக்கிறதா, சாகுபடிப் பதிவு என் பேரில் இருக்கிறதா என்று அலைச்சல். நிலமே இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? உங்கள் ஊரில் எப்படி என்று எழுதுங்கள்.

பழைய_தஞ்சாவூர் | மே 8, இரவு 10:03

தம்பி, புயலும் வெள்ளமும் டெல்டாவுக்குப் புதுசா? 1952-இல் அடித்த புயலை என் அப்பா சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். 1977 நவம்பர் நாகைப் புயலை நானே பார்த்திருக்கிறேன். அப்போது யாரும் இதற்குப் பருவநிலை மாற்றம் என்று பெயர் வைக்கவில்லை. மழை பெய்யும், வடியும், அடுத்த வேலையைப் பார்ப்போம்.

இப்போது வடியவில்லை என்றால் அதற்கு வானம் என்ன செய்யும்? வடிகாலில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறது. வாய்க்கால் கரையில் வீடு கட்டியிருக்கிறார்கள். ஆற்றில் மணலை அள்ளி அள்ளி மடையை விட ஆறு தாழ்ந்துவிட்டது. எல்லாப் பழியையும் வானத்தின் மேல் போட்டால் தூர்வாரக் காசு வாங்கியவன் தப்பித்துவிடுவான். அதுதான் என் கவலை.

வானம்பார்த்தான் | மே 8, இரவு 11:20

ஐயா, தூர்வாருவது பற்றி நீங்கள் சொல்வதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் வானத்தை ஒரேயடியாக விடுதலை செய்யவும் முடியாது.

காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைத் தாங்கும். அதனால்தான் பெய்தால் ஒரேயடியாகப் பெய்கிறது. இன்னொரு பக்கம் கடல் மட்டம் ஏறுகிறது, நம் மண்ணோ தாழ்கிறது. டெல்டா என்பதே ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல்தான். 1934-இல் மேட்டூர் அணை வந்த பிறகு அந்த வண்டலில் பெரும்பகுதி அணையிலேயே தங்கிவிடுகிறது. கடைமடையில் ஆறு கடலைத் தொடும் இடத்தில் நீரேற்ற நேரம் பார்த்தால் தெரியும், வெள்ளம் வெளியே போக முடியாமல் எதிர்த்து நிற்கும். வடிகாலைப் பளிங்கு மாதிரி தூர்வாரினாலும் அந்த நேரம் வடியாது.

அப்புறம் காலம் தப்புவது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைவு. ஜூன் 12-இல் திறக்க வேண்டிய மேட்டூர் 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தது, 2024-இல் ஜூலை 28 வரை திறக்கவே இல்லை. 2023 பிப்ரவரியில், அறுக்கப் போகிற நேரத்தில் மழை. புயல் அன்றும் வந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஐப்பசி கார்த்திகையில் வரும் என்று தெரிந்து வந்தது.

வெயில் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். வானிலை ஆய்வு மையம் வெப்ப அலை என்று அறிவிக்க சமவெளியில் குறைந்தது 40 டிகிரி தொட வேண்டும். கடலோர ஊர் என்றால் 37 டிகிரி, அதுவும் வழக்கத்தை விட 4.5 டிகிரி கூடியிருக்க வேண்டும். நாகையில் 36 டிகிரியும் புழுக்கமும் சேர்ந்த நாளில் எந்த எச்சரிக்கையும் வராது. ஆனால் உடம்பு குளிர்வது வியர்வை காய்வதால்தான். காற்றில் ஈரம் அதிகமானால் வியர்வை வழியுமே தவிரக் காயாது. வேலூரின் 40-ஐ விட நாகையின் 36 வயலில் நிற்பவரைச் சாய்க்கலாம். தொலைக்காட்சியில் சதம் (100 டிகிரி ஃபாரன்ஹீட்) அடித்த ஊர்ப் பட்டியல் ஓடும்போது நம் பக்கத்து ஊர்கள் பாதி நாள் அதில் இருப்பதே இல்லை.

பருத்திக்காடு | மே 9, காலை 5:48

கோட்டூர் ஒன்றியம். அம்மா கூலி வேலை. நான் படித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன், இப்போதைக்கு.

பெரியவர்கள் பேசுவதைப் படித்தேன். ஆறு, அணை, வடிகால் எல்லாம் வந்துவிட்டது. வேலை செய்கிற ஆள் இன்னும் வரவில்லை. அதனால் இப்போது எங்கள் பக்கம் நடப்பதை எழுதுகிறேன்.

இது பருத்தி எடுக்கிற மாதம். தை, மாசியில் நெல் அறுத்த வயலில் போட்ட பருத்தி சித்திரை வைகாசியில் வெடிக்கும். புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை, தலையில் துண்டு, இடுப்பில் இன்னொரு பழைய புடவையை மடியாகக் கட்டிக்கொண்டு குனிந்துகொண்டே போக வேண்டும். செடி இடுப்பு உயரம்தான், நிழல் தராது, காற்றை மட்டும் அடைத்துவிடும். கூலி கிலோவுக்கு இவ்வளவு. நின்றால் காசு நின்றுவிடும். மடி நிறைந்து வரப்புக்குக் கொண்டுபோய்க் கொட்டும் நேரம்தான் ஓய்வு. "வெயில் நேரத்தில் வேலை செய்யாதீர்கள்" என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்கிறார்கள். அதிகாலையில் எடுக்கிறோம் என்றால் நிலக்காரர், பனி ஈரத்தோடு எடுத்தால் வியாபாரி விலையைக் குறைப்பான், எட்டு மணிக்கு மேல் வா என்கிறார். எட்டுக்கு இறங்கினால் இரண்டு மணி ஆகிவிடும்.

நடவும் அப்படித்தான். முன்பு ஆளுக்கு இவ்வளவு என்று நாள் கூலி. இப்போது ஏக்கருக்கு இவ்வளவு என்று குழுவாகப் பேசிக்கொள்கிறார்கள். குழுவில் ஒருத்திக்குத் தலை சுற்றினால் அவள் பங்கையும் மற்றவர்கள்தான் முடிக்க வேண்டும், அதனால் அவள் சொல்லவே மாட்டாள்.

தண்ணீர் கொண்டுபோகிறாயா என்று அம்மாவிடம் கேட்டால், கொண்டுபோகிறேன் என்பாள். பாட்டில் அப்படியே திரும்பி வரும். குடித்தால் எங்கே ஒதுங்குவது? பருத்திக் காட்டில் ஒரு மரம் கிடையாது. பக்கத்து வயலில் ஆண்கள் மருந்து அடித்துக்கொண்டிருப்பார்கள்.

மன்னை_செவிலி | மே 9, பிற்பகல் 2:35

பருத்திக்காடு எழுதியதைப் படித்ததும் எழுத உட்கார்ந்தேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிறேன், ஊர் பெயர் வேண்டாம்.

அந்தத் திரும்பி வரும் பாட்டில்தான் எங்கள் வெளிநோயாளி வரிசையில் பாதி. நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று, அடிவயிற்று வலி. மருந்து கொடுத்து அனுப்புவோம், மூன்று வாரத்தில் அதே ஆள் அதே தொந்தரவோடு வருவார். "நிறைய தண்ணி குடிங்க" என்று சொல்லும்போது எனக்கே கூச்சமாக இருக்கும். நூறு நாள் வேலைத் தளத்தில் நிழலும் குடிநீரும் இருக்க வேண்டும் என்று விதியாவது இருக்கிறது. தனியார் வயலுக்கு அதுவும் கிடையாது.

கர்ப்பிணிகளைப் பற்றி யாரும் பேசவில்லை. தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளை வைத்து ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் நடத்திய ஆய்வில், கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறப்பது ஆகியவற்றின் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று வந்திருக்கிறது. நம் ஊரில் ஐந்தாம் மாதம் வரை களை பறிக்கப் போவது சர்வ சாதாரணம். கலைந்தால் "சூடு ஒத்துக்கல" என்று அவர்களே சொல்லிக்கொண்டு போய்விடுகிறார்கள். வார்த்தை என்னவோ சரிதான், எங்கள் பதிவேட்டில்தான் காரணம் என்று அது ஏறாது.

இனி வெள்ளம். வெள்ளம் வடிந்தால் நோய் வரிசை கட்டி வரும். முதல் மூன்று நான்கு நாள் வயிற்றுப்போக்கு, கைப்பம்பு மூழ்கிய தெருக்களிலிருந்து. அடுத்து சேற்றுப்புண். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: கால் விரல் இடுக்கில் தோல் வெளுத்து ஊறி, வெடித்து, தொட்டால் ரத்தம் கசியும். ராத்திரி மருதாணியோ மஞ்சளும் வேப்பெண்ணெயுமோ பற்றுப் போட்டுக்கொண்டு காலையில் மறுபடி அதே சேற்றில் இறங்குவார்கள். அந்த வெடிப்பு வழியாகத்தான் அடுத்தது நுழைகிறது. வளையில் தண்ணீர் புகுந்த எலிகள் வரப்புக்கும் வீட்டுக்கும் வந்துவிடும், அவற்றின் சிறுநீர் தேங்கிய தண்ணீரில் கலந்திருக்கும். கிருமி உள்ளே போய்ப் பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் காய்ச்சல். கெண்டைக்காலில் கை வைக்க விட மாட்டார்கள், கண் சிவந்திருக்கும். ஆனால் நட்டுவிட்டு வந்தவருக்குக் கால் வலிக்காமல் இருக்குமா? மெடிக்கலில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாளும் போவார்கள். கண் மஞ்சளாகி, சிறுநீர் குறைந்த பிறகு வருவார்கள். அதற்குள் சிறுநீரகம் அடிபட்டிருக்கும்.

கம்பூட் வாங்கிக் கொடுங்கள் என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். நடவுச் சேற்றில் அதைப் போட்டுக்கொண்டு நாலடி நடந்து பார்த்தவர் சொல்ல மாட்டார், பூட்ஸ் சேற்றில் நிற்கும், கால் மட்டும் வெளியே வரும். நடக்கக்கூடியது இதுதான்: கரையேறியதும் நல்ல தண்ணீரில் காலைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்கை உலர்த்துவது. புண் இருப்பவர் வெள்ள வாரத்தில் சேற்றில் இறங்காமல் இருப்பது. தடுப்புக்கு மாத்திரை உண்டு, டாக்டர் பார்த்துக் கொடுப்பார், நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். வெள்ள நேரத்தில் காய்ச்சல் என்று வந்தால் "வயலில் நின்றேன்" என்று வாய் திறந்து சொல்லுங்கள். அந்த ஒரு சொல் இருந்தால் நாங்கள் வேறு மாதிரி பார்ப்போம்.

பழைய_தஞ்சாவூர் | மே 9, மாலை 4:10

செவிலி அம்மா எழுதியது நன்றாக இருக்கிறது. ஆனால் டெங்கு மழையால் வருகிறது, எலிக்காய்ச்சல் வெள்ளத்தால் வருகிறது என்றால், வறட்சி வருஷத்தில் ஆஸ்பத்திரி காலியாக அல்லவா இருக்க வேண்டும்?

மன்னை_செவிலி | மே 9, மாலை 6:52

இருக்காது ஐயா. குழாயில் தண்ணீர் ஐந்து நாளைக்கு ஒரு தடவை வந்தால் குடம், டிரம், சிமென்ட் தொட்டி எல்லாவற்றிலும் பிடித்து வைப்பார்கள். டெங்குக் கொசுவுக்கு ஓடுகிற ஆறு வேண்டாம், மூடாத டிரம் போதும். அதன் முட்டை காய்ந்த தொட்டிச் சுவரில் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீர் பட்டதும் பொரியும். சூடு கூடினால் கொசுவின் உடம்புக்குள் வைரஸ் முதிர்வதும் சீக்கிரம் நடக்கும். வறட்சியில் ஒரு வழி, மழையில் இன்னொரு வழி.

துபாய்_குடந்தைக்காரன் | மே 9, இரவு 8:30

அக்கா, இழைக்குச் சம்பந்தம் உண்டா தெரியவில்லை. அம்மா அப்பா இருவரும் ஊரில் தனியாக. அம்மாவுக்கு இன்சுலின். போன மழையில் கரண்ட் போய் ஃபிரிட்ஜ் ஓடவில்லை, மருந்தை ஐஸ் கட்டிக்குள் புதைத்து வைத்திருக்கிறார் அப்பா. அது சரியா?

மன்னை_செவிலி | மே 9, இரவு 9:05

சம்பந்தம் இல்லாமல் என்ன. ஐஸுக்குள் புதைக்கவே கூடாது தம்பி, உறைந்தால் இன்சுலின் வீண். திறக்காத குப்பிக்குத்தான் 2 முதல் 8 டிகிரி. திறந்து போட்டுக்கொண்டிருக்கும் குப்பி 30 டிகிரிக்குள் பொதுவாக நாலு வாரம் தாங்கும், உங்கள் மருந்துக்கு எத்தனை நாள் என்று அட்டையில் பாருங்கள். ஃபிரிட்ஜ் இல்லாவிட்டால் பெரிய மண்பானைக்குள் சின்ன மண்பானை, நடுவில் ஈர மணல். குப்பியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி உள்ளே வைத்து ஈரத் துணியால் மூடி, காற்றாடுகிற நிழலில் வைக்கச் சொல்லுங்கள். அடைமழை நாளில் பானை அவ்வளவாகக் குளிராது, ஆனால் அன்று வீட்டுச் சூடும் குறைவு. கோடை மின்தடையில்தான் பானை உண்மையாக உதவும்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை வீட்டுக்கே வரும். ஐப்பசி பிறந்ததும் ஒரு மாத மருந்து கையில் இருக்கிறதா என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளத்தில் ஆள் வர முடியாது.

உப்புக்காற்று | மே 10, காலை 7:15

வேதாரண்யம் பக்கம். உப்பு சத்தியாகிரகத்தின் ஆண்டு விழாவுக்கு மட்டும் எங்களை நினைக்கிற மாநிலம் இது. உப்பள ஆட்களின் உடம்பை யார் நினைக்கிறார்கள்?

வெயில் எங்களுக்கு மேலிருந்து மட்டும் அடிக்காது, வெள்ளைப் பாத்தியிலிருந்து முகத்தில் திருப்பி அடிக்கும். காலில் வெடிப்பு, அதில் உப்புத் தண்ணீர். குடிநீர் கேனில் கொண்டுபோனதுதான், பத்து மணிக்கே வெந்நீர் ஆகிவிடும். தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களை ஆராய்ந்தவர்கள், வெப்பத்தில் வேலை செய்வதால் சிறுநீரகம் பாதிக்கப்படுவதை எழுதியிருக்கிறார்கள். எங்கள் தெருவில் டயாலிசிஸுக்குப் போகிறவர்கள் எல்லாருக்கும் சர்க்கரை இருக்கிறதா என்றால், இல்லை.

இன்னொன்று தண்ணீர். கொள்ளிடம் கூட்டுக் குடிநீர் வந்தால் நல்ல தண்ணீர். வராத நாளில் கைப்பம்பு. கஜா புயலுக்குப் பிறகு எங்கள் பம்பில் காபி போட முடியவில்லை, பால் திரிகிறது. வங்கதேசக் கடலோரத்தில் தாகோப் என்ற பகுதியில் உப்புக் குடிநீருக்கும் கர்ப்பிணிகளின் ரத்தக்கொதிப்புக்கும் தொடர்பு இருப்பதை ஆராய்ந்து நிறுவியிருக்கிறார்கள். நம் கடலோரத்தில் பிரஷர் மாத்திரை கொடுக்கிறவர்கள் "நீங்க எந்தத் தண்ணி குடிக்கிறீங்க" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. உப்பைக் குறைத்துச் சாப்பிடு என்பார்கள். குழம்பில் குறைக்கலாம், பம்பில் எப்படிக் குறைப்பது?

பருவம் தப்பிய மழை வந்தால் பாத்தியில் வாரப்போகிற உப்பு கரைந்துவிடும். முதலாளிக்கு நஷ்டம், எங்களுக்குத் தண்ணீர் வற்றுகிற வரை வேலை இல்லை. நெல்லுக்கு இருக்கிற காப்பீடு இதற்கு இல்லை.

பேராவூரணி_தென்னை | மே 10, காலை 11:40

உப்புக்காற்று கஜா என்றதும் வந்துவிட்டேன்.

2018 நவம்பர் 16 விடியற்காலை. எங்கள் பக்கம் மரம் என்றால் தென்னை, சொத்து என்றால் தென்னை, பெண்ணுக்குச் சீர் என்றாலும் தென்னை. மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500, ஆக 1,100 ரூபாய் கொடுத்தார்கள். போதுமா என்று கேட்டால் போதாது, ஆனால் கொடுத்தார்கள், எனக்கும் வந்தது. புதுக் கன்று வைத்தால் காய்க்க ஐந்தாறு வருஷம்.

நான் சொல்ல வந்தது மரம் இல்லாதவர்கள் கதை. ஒரு தோப்பை நம்பிக் காய் பறிக்கிறவர், மட்டை உரிக்கிறவர், லோடு ஏற்றுகிறவர், கீற்று முடைகிறவர் என்று எத்தனை பேர். கீற்று முடைவது பெண்கள் வேலை. மட்டையைப் பிளந்து குளத்தில் ஊறப்போட்டு, மறுநாள் எடுத்துக் குந்தி உட்கார்ந்து ஒன்றை மேலே ஒன்றைக் கீழே என்று பின்னிக்கொண்டே நகர வேண்டும். வயதான பாட்டிகள்கூட உட்கார்ந்த இடத்தில் செய்து வெற்றிலை பாக்குக்கும் மருந்துக்கும் சம்பாதித்த வேலை. புயலுக்கு அடுத்த மாதம் விழுந்த மரத்தின் கீற்று மலையாகக் கிடந்தது, நல்ல வேலை. அது தீர்ந்த பிறகு மட்டைக்கு எங்கே போவது? மரம் அவர்கள் பேரில் இல்லையே, 1,100-இல் ஒரு ரூபாய்கூட அவர்களுக்குக் கிடையாது. குழுக் கடன் வசூலுக்கு மட்டும் ஆள் சரியாக வந்தான்.

ஒரு பாட்டி பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டார். ஆஸ்பத்திரியில் இலவசம்தானே என்று கேட்டேன். பஸ்ஸுக்குக் காசு வேண்டாமா என்றார். அப்போது பெண்களுக்கு இலவச பஸ் வரவில்லை. சில மாதத்தில் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். அதைப் புயல் பாதிப்பு என்று எழுதினால் சிரிப்பார்கள்.

அப்புறம் மனசு. மழைக்காற்று கொஞ்சம் ஓசையோடு அடித்தால் இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாரும் தூங்குவதில்லை. ஆண்கள் குடித்துவிட்டுத் தூங்கினார்கள், அந்தக் குடியும் பிறகு நிற்கவில்லை. 2016 வறட்சிக்குப் பின் டெல்டாவில் எத்தனை விவசாயிகள் மாரடைத்தும் மருந்து குடித்தும் போனார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். தூக்கம் போய், பேச்சுக் குறைந்து ஒருவர் உட்கார்ந்திருந்தால் 104-க்கு அழையுங்கள், பேசுவதற்கு ஆள் இருக்கிறார்கள்.

பழைய_தஞ்சாவூர் | மே 10, பகல் 1:25

படித்தேன். மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் வழி என்ன? இயந்திர நடவு வந்துவிட்டது, நேரடி விதைப்பு வந்துவிட்டது. சேற்றில் ஆளே நிற்க வேண்டாம் என்றால் சேற்றுப்புண்ணும் இல்லை, எலிக்காய்ச்சலும் இல்லை. என் நிலத்தில் மூன்று வருஷமாக இயந்திரம்தான். ஆள் கிடைக்காததால் மேற்கு வங்கத்துப் பிள்ளைகள் வந்து நடுகிறார்கள், அதையும் பார்க்கிறோம்.

பருத்திக்காடு | மே 10, பிற்பகல் 3:02

ஐயா, எங்கள் அம்மாவுக்குச் சேற்றுப்புண்ணும் வேண்டாம்தான். கூலி வேண்டும். இயந்திரம் வந்த வயலில் எங்களுக்கு மிஞ்சுவது வரப்போரம் நடுவதும் சந்து நிரப்புவதும், அதுவும் அரை நாள். அந்த வங்கத்துப் பிள்ளைகள் மோட்டார் கொட்டகையில் தூங்குகிறார்கள். அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் எந்த ஆஸ்பத்திரியில் எந்த மொழியில் சொல்வார்கள் என்று யாராவது யோசித்தீர்களா? நோயை ஒரு ஆளிடமிருந்து எடுத்து இன்னொரு ஆளிடம் கொடுத்திருக்கிறோம்.

மட்டுறுத்துநர் | மே 10, பிற்பகல் 3:30

வெளி மாநிலத் தொழிலாளர்களை ஏசி வந்த இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. விவாதம் தொடரட்டும்.

வானம்பார்த்தான் | மே 10, மாலை 5:45

பருத்திக்காடு, உங்கள் நிலக்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். வேளாண் பல்கலைக்கழகத்தின் சாகுபடிக் குறிப்பிலேயே பருத்தியைக் காலை 10, 11 மணிக்குள் எடுக்கத்தான் சொல்லியிருக்கிறது. வெயில் ஏறினால் காய்ந்த இலையும் சருகும் நொறுங்கிப் பஞ்சில் ஒட்டும், தரம் குறையும். லேசான ஈரத்தை நிழலில் பரப்பி உலர்த்திக்கொள்ளலாம். உங்கள் அம்மாவின் உடம்புக்காக என்றால் கேட்க மாட்டார், பஞ்சு விலைக்காக என்றால் காது கொடுப்பார். சாமர்த்தியம்தான், வேறு வழி தெரியவில்லை.

இன்னொரு செய்தி. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டது. வெப்பத்தால் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். ஆனால் மருத்துவர் வெப்பத்தால் என்று எழுதினால்தானே. வயலில் சுருண்டு விழுந்தவரை வீட்டுக்குத் தூக்கிப் போய், "நெஞ்சு வலி" என்று சொல்லி மாலையே எடுத்துவிட்டால் என்ன சான்று கிடைக்கும்? விழுந்த உடனே நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள். உயிர் பிழைப்பது முதல் காரியம், பிழைக்காவிட்டாலும் எதனால் என்று ஒரு தாளில் பதிவாகும்.

கடைமடை_தலைஞாயிறு | மே 10, இரவு 8:50

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆட்சியர் அலுவலகத்தில் மாதா மாதம் விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. அடுத்த கூட்டத்தில் ஒரு மனு கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். வெள்ள நிவாரணக் கணக்கெடுப்பில் நிலமில்லாத கூலிக் குடும்பங்களையும் தனியாகப் பதிய வேண்டும், வெள்ளம் வடிந்து ஒரு மாதம் வரை காய்ச்சலோடு உள்நோயாளியாகச் சேர்ந்தவர்களுக்கு இழந்த கூலி கொடுக்க வேண்டும். இரண்டே கோரிக்கை.

பருத்திக்காடு | மே 10, இரவு 9:14

நல்லது அண்ணே. ஆனால் அந்தக் கூட்டத்துக்கு விவசாயிகள் என்று பச்சைத் துண்டு போட்டு வருகிறவர்கள் யார்? எங்கள் தெருவிலிருந்து ஒருவரும் போனதில்லை, அது நிலக்காரர்கள் கூட்டம் என்றுதான் நினைக்கிறோம். ஆகஸ்ட் 15 கிராம சபையிலும் வையுங்கள். தீர்மானமாக எழுதினால் எங்கள் ஆட்கள் கையெழுத்துப் போடுவார்கள். கோரிக்கை மூன்றாக இருக்கட்டும்: நடவு, பருத்திக் காலத்தில் வாய்க்கால் கரைகளில் பெண்களுக்கு மறைப்புள்ள கழிப்பிடம். தகரமாக இருந்தாலும் பரவாயில்லை.

பழைய_தஞ்சாவூர் | மே 10, இரவு 9:40

நாலாவதாகத் தூர்வாருவதையும் சேர். விடமாட்டேன்.

அந்தத் தகரத்துக்கு என் வயல் கரையில் இடம் தருகிறேன். முதலில் அங்கே ஒன்று வைத்துப் பார்க்கலாம்.

உப்புக்காற்று | மே 10, இரவு 10:02

ஐந்தாவது, கடலோர ஊர்களில் கைப்பம்புத் தண்ணீரின் உப்பை அளந்து பலகையில் எழுத வேண்டும். இந்த மனுவில் உப்பளத்துக்கும் ஒரு வரி இருக்கட்டும், எங்களுக்குத் தனிக் குறைதீர் கூட்டம் எதுவும் இல்லை.

மன்னை_செவிலி | மே 11, காலை 6:30

மனு எழுதும்போது எலிக்காய்ச்சல் என்று மட்டும் போடாதீர்கள். எங்களிடம் எல்லாருக்கும் ரத்தப் பரிசோதனை உறுதியாவதில்லை, பெயர் போட்டால் சான்று கேட்டு இழுப்பார்கள். "வெள்ளத்துக்குப் பிந்தைய காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பாம்புக்கடி" என்று போடுங்கள். பாம்புக்கடி 2024 நவம்பரிலிருந்து ஆஸ்பத்திரிகள் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய ஒன்று, அதனால் அந்தக் கணக்கு இருக்கும்.

வரைவை எடுத்துக்கொண்டு ஒருநாள் எங்கள் நிலையத்துக்கு வாருங்கள், டாக்டரிடம் காட்டித் திருத்தித் தருகிறேன். எந்த நிலையம் என்று தனிமடலில் சொல்கிறேன். புதன்கிழமை வேண்டாம், தடுப்பூசி நாள், நிற்க இடம் இருக்காது. வியாழன் இரண்டு மணிக்கு மேல்.